வானொலியில் பழம்பண்ணும் வழிபாட்டுப் பாடலும்: நேயர்களிடம் எப்படிக் கொண்டு சேர்ப்பது?

காஞ்சிமாநதி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கொங்குப் பகுதியில் உள்ள ஒரு சமுதாய வானொலியில் ஊதியம் இல்லாத தொகுப்பாளராக இருக்கிறேன். எங்களைப் போன்ற நிலையங்களுக்கு அரசு அனுமதிக்கும் ஆற்றல் 100 வாட், கோபுரத்தின் உயரம் 30 மீட்டர் என்பதால், எங்கள் ஒலிபரப்பு பத்துக் கிலோமீட்டர் சுற்றளவைத் தாண்டுவது அரிது. கேட்பவர்களில் பாதிப்பேர் தோட்டத்திலும் தறிக்குடோனிலும் வேலை செய்பவர்கள். மீதிப்பேர் வீட்டிலிருக்கும் பெரியவர்கள்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு, வெள்ளிதோறும் காலை ஆறரை மணிக்குப் பழைய வாய்ப்பாட்டுக்கும் வழிபாட்டிசைக்கும் என்று அரைமணி நேர நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கினேன். கூட்டிசைக் கருவிகளின் ஆரவாரம் இல்லாமல், குரல் மட்டும் முன்னிற்கும் பாடல்களை எல்லோரும் கேட்க வேண்டும் என்பதே என் ஆசை. ஒரு வாரம் அருணகிரிநாதரின் திருப்புகழ், ஒரு வாரம் ஐரோப்பியத் துறவு மடங்களில் பாடப்படும் இலத்தீன் வழிபாட்டுப் பாடல், மற்ற வாரங்களில் தேவாரம் என்று போட்டேன். மூன்றாம் வாரம், அவிநாசியைப் பற்றிச் சுந்தரர் பாடிய 'எற்றான் மறக்கேன்' பதிகத்தை ஓதுவார் ஒருவரின் குரலில் ஒலிபரப்பினேன். பாடல் முடிவதற்குள் தொலைபேசி ஒலித்தது. பேசிய அம்மா மிகுந்த அக்கறையோடு, "ஏனுங்க கண்ணு, நெலையத்துல யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், சாமியானா வருவதற்கு முன்பே ஒலிபெருக்கி வந்துவிடும். அதில் திருவாசகத்துச் சிவபுராணம் ஓடத் தொடங்கிவிடும். திருவாசகமும் தேவாரமும் வேறு வேறு என்பதை அறியாத காதுக்கு, மெதுவாக இழுத்துப் பாடும் எந்தப் பழைய பாடலும் இழவு வீட்டை நினைவூட்டுகிறது போலும். நிலையத்தில் என்னோடு பணியாற்றும் ஒருவர், தபேலாவும் கீபோர்டும் சேர்த்த பதிவுகளைப் போட்டால் இந்தச் சிக்கலே வராது என்கிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஆயினும் கேட்க ஆளில்லாத நிகழ்ச்சியை நடத்துவதிலும் பொருளில்லை. இலத்தீன் பாடலைக் கேட்ட ஒரு பெரியவர், "நன்றாக இருக்கிறது, என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டபோது எனக்கே விடை தெரியவில்லை என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

இத்தகைய இசையை வானொலியில் எந்த நேரத்தில், எவ்வளவு விளக்கத்தோடு, எப்படிப்பட்ட பதிவாகத் தர வேண்டும் என்பதை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாண்டிக்கொடுமுடி

காஞ்சிமாநதி அவர்களுக்கு வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் திருமுறை வகுப்பு நடத்துபவள் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த அம்மா கேட்டதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒருங்கே வந்தன. நீங்கள் ஒலிபரப்பிய பதிகம் எது என்று எண்ணிப் பாருங்கள். அவிநாசியில் ஒரு வீட்டில் பிள்ளைக்குப் பூணூல் கல்யாணம், எதிர்வீட்டில் அழுகை. அவனோடு ஒத்த வயதுடைய அந்த வீட்டுப் பிள்ளையைக் குளத்து முதலை விழுங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சுந்தரர் குளக்கரைக்குப் போய்ப் பாடினார். நான்காம் பாட்டில், 'கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே' என்றதும், முதலை அந்தப் பிள்ளையை வளர்ந்த உருவத்தோடு கொண்டுவந்து கரையில் விட்டது என்பது பெரியபுராண வழக்கு. இறந்த பிள்ளை எழுந்துவந்த பாட்டை நம் நேயர் இழவுப் பாட்டு என்று கேட்டிருக்கிறார். தவறு பாட்டிலும் இல்லை, அவர் காதிலும் இல்லை. பாட்டுக்கு முன்னால் இந்தக் கதையை ஒரு நிமிடம் சொல்லியிருந்தால், அந்த அம்மா நான்காம் பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்து கேட்டிருப்பார்.

அடுத்தது நேரம். தேவாரத்தின் பழைய இராகங்களான பண்களில், ஓதுவார் மரபில் பகற்பண், இரவுப்பண், எப்போதும் பாடத்தக்க பொதுப்பண் என்ற பிரிவு உண்டு. அவிநாசிப் பதிகத்தின் பண் குறிஞ்சி, அது இரவுப்பண். அதைக் காலை ஆறரை மணிக்குப் போட்டீர்கள். இது பெரிய குற்றம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வானொலிக்காரருக்கு இந்தப் பிரிவு ஒரு கொடை என்று நினைக்கிறேன், ஏனெனில் நேரத்தைப் பார்த்து இசையைத் தேர்ந்துகொள்வதுதானே உங்கள் தொழில்.

மூன்றாவதாக, பாட்டுத் தேடி இவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. பாடல் பெற்ற கொங்குத் தலங்கள் ஏழு: அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி என்று நாம் சொல்லும் திருநணா, கொடிமாடச்செங்குன்றூர் ஆகிய திருச்செங்கோடு, வெஞ்சமாக்கூடல், கொடுமுடி, கரூர். ஏழு வாரத்துக்கு ஏழு ஊர். அவற்றுள் சம்பந்தர் கொங்கில் தங்கியபோது அடியார்களை வாட்டிய குளிர்சுரம் நீங்க வேண்டிப் பாடியது 'அவ்வினைக்கு இவ்வினை' என்னும் பதிகம். அதன் பண் வியாழக்குறிஞ்சி, ஓதுவார்கள் சௌராஷ்டிர ராகத்தில் பாடுவார்கள். இதுவும் இரவுக்குரியது. திருமுருகன்பூண்டியும் கொடுமுடியும் பழம்பஞ்சுரம், சங்கராபரணத்தில் பாடுவது வழக்கம், பகலுக்குரியவை. இந்த இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் போடுங்கள். ஒரே பண்ணில் சுந்தரர் ஒரு தலத்தில் சண்டை போடுகிறார், இன்னொரு தலத்தில் உருகுகிறார். பூண்டியில், வழியில் வேடுவர் பொருளைப் பறித்துக்கொண்ட கோபத்தில், 'திடுகு மொட்டெனக் குத்திக் கூறைகொண்டு' என்று அடிவிழும் ஓசையையே பாட்டாக்கி, இப்படிப்பட்ட காட்டில் எதற்காக இங்கிருக்கிறீர் என்று இறைவனைப் பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார். கொடுமுடியிலோ, நான் மறந்தாலும் என் நா நமச்சிவாய என்று சொல்லும் என்கிறார். பண் என்றால் என்ன என்று நீங்கள் விரிவுரை ஆற்றுவதைவிட, இந்த இரண்டையும் கேட்பவர் தாமே உணர்ந்துகொள்வார்.

ஒன்று மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பதிகத்தில் ஒரு பாட்டைப் போட்டு அடுத்த பாடலுக்குத் தாவாதீர்கள். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பதிய முடியும் என்பதால் வந்த பழக்கம் அது. கச்சேரியின் கடைசியில் தாளமில்லாத விருத்தமாக ஒரு பாட்டு என்பதும் அதை வளர்த்துவிட்டது. பதிகம் என்பது பத்தும் சேர்ந்தது. அரைமணியில் ஒரு பதிகம் நிறைவாக அடங்கும். எங்கள் கொடுமுடிக்காரரான கே. பி. சுந்தராம்பாளின் குரலை இன்றும் மைக் இல்லாமலே எட்டுத் தெரு கேட்கும் என்று பேசிக்கொள்ளும் ஊரில் பிறந்தவள் நான்; தபேலா சேர்க்கும் யோசனைக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது.

ஒலிமேசை

மேலே அம்மா எழுதியதில் கதை, நேரம் இரண்டையும் ஏற்கிறேன். ஆனால் குரல் மட்டும் போதும் என்பது நேரில் கேட்பதற்குப் பொருந்தும். வானொலியில் அந்தக் குரலுக்கு என்ன நேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பல நிலையங்களில் ஒலிப்பதிவுப் பொறுப்பில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

திரையிசையை மனத்தில் வைத்து, நிலையத்துக் கம்ப்ரஸரை மிக இறுக்கமாக அமைத்திருப்பார்கள். சத்தம் குறைந்தால் அதுவே தூக்கிவிடும், கூடினால் அழுத்திவிடும். தனிக்குரலில் பாடுபவர் ஓர் அடியை முடித்து மூச்செடுக்கும் இடத்தில், இந்தக் கருவி அந்த மூச்சையும், சுருதிப்பெட்டியின் இரைச்சலையும், மின்விசிறியின் ஓசையையும் மேலே தூக்கிக் கொண்டுவரும். அடுத்த அடி தொடங்கியதும் சட்டென்று அமுக்கும். கேட்பவருக்குக் காரணம் தெரியாது. ஏதோ சோர்வாக, மூச்சுவாங்குவதுபோல் இருக்கிறது என்றுதான் தோன்றும். இழவு வீட்டு நினைவு வந்ததில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் ஐயம். இந்த அரைமணிக்கு மட்டும் தளர்வான தனி அமைப்பு ஒன்றைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். மேலும், தானியங்கி ஒலிபரப்பு மென்பொருளில் சில நொடி அமைதி வந்தாலே பாட்டு நின்றுவிட்டது என்று எண்ணி விளம்பரத்துக்குத் தாவும் ஏற்பாடு இருக்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அது விழுங்கிவிடும். சுருதி இடையறாது ஒலித்தால் இந்தத் தொல்லை இல்லை.

பழைய பதிவுகளை மட்டும் நம்பாமல் நீங்களே பதிவு செய்வது நல்லது. நம் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். தேவாரச் சொற்களுக்கு யாரும் உரிமை கேட்க மாட்டார்கள். பாடியதைப் பதிவுசெய்து வெளியிட்டவருக்கு உரிமை உண்டு. உச்சிக்காலப் பூசை முடிந்து நடை சாத்திய பிறகு, செயல் அலுவலரிடம் எழுத்தில் ஒப்புதல் பெற்று, கல் மண்டபத்தில் பதிவு செய்யுங்கள். ஓதுவாரின் வாய்க்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவில் ஒரு மைக், மண்டபத்தின் எதிரொலிக்காகத் தள்ளி ஒன்று. மாலையில் போனால் மின்மோட்டாரில் ஓடும் மணியும் பறையும் சேர்ந்த இயந்திரம் உங்கள் பதிவை ஒரே அடியில் முடித்துவிடும். (அந்த இயந்திரம் வந்தபிறகு கோயிலில் பாட்டுக் கேட்பதே அரிதாகிவிட்டது என்பது வேறு கதை.)

சிறிய கைபேசியின் ஒலிபெருக்கியில் தாழ்ந்த சுருதி கேட்காது. ஆண் ஓதுவார் தாழ்ந்த சுருதியில் பாடினால் பாதிக்குரல் காணாமல் போகும். அதனால் சற்று உயர்ந்த சுருதியில் பாடுபவரைத் தேர்ந்துகொள்ளுங்கள், அல்லது பெண்குரலைத் தாருங்கள்.

சோமனூர்த்தறி

சுருக்கமாகச் சொல்கிறேன். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அங்கே தனிக்குரல் தேவாரம் கேட்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குடோனில் வானொலி வைப்பவர்கள் தாளம் தூக்கலாக உள்ள பாட்டைத்தான் வைப்பார்கள், அதுவும் சொல்லுக்காக அல்ல, தூக்கம் வராமல் இருப்பதற்காக. எங்கள் பக்கம் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் ஷிப்ட் மாறும். எட்டரை மணிக்கு மேல், பகல் ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்து கைகால் கழுவிச் சாப்பிட்டு உட்காரும் நேரம். இரவுப்பண் என்று அந்த அம்மா சொன்னது இந்த நேரத்துக்குப் பொருந்தி வருகிறது. காலை ஆறரை மணி எங்களுக்கு ஆகாது.

தேவாலயப் பாடகர்

கோயம்புத்தூரில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் நெடுங்காலமாகப் பாடி வருகிறேன். இலத்தீன் பாடலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கிரகோரியன் பாடல் என்று பொதுவாகச் சொல்லப்படும் அந்த இசையில் எல்லோரும் ஒரே இசைவரியைச் சேர்ந்து பாடுவார்கள். துணைக் கருவி இல்லை. எண்ணிப் போடும் தாளமும் இல்லை. சொல்லின் அசையும் நிறுத்தமும்தான் அதற்கு நடை. அதனால் சொல் தெரியாமல் கேட்டால் அது வெறும் புகைபோல் இருக்கும். 1994-ல் ஸ்பெயின் நாட்டின் சாந்தோ தொமிங்கோ தே சீலோஸ் மடத்துத் துறவிகள் முன்னர்ப் பாடியிருந்த பதிவுகள் மறுபடி வெளியிடப்பட்டு, உலகெங்கும் இலட்சக்கணக்கில் விற்றன. வாங்கியவர்களில் பலரும் மன அழுத்தம் தணிவதற்கான மருந்தாகவே அதைக் கேட்டார்கள். இசை பரவியது, சொல் பரவவில்லை. நம் ஊரில் சிவபுராணம் சாவு வீட்டு ஒலியாகிப் போனதும் ஏறக்குறைய இதே கதைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த முறை, திருமுழுக்கு யோவானைப் போற்றும் 'ஊத் குவேயாந்த் லாக்ஸிஸ்' என்ற பாடலைப் போட்டுப் பாருங்கள். உம் அடியார் தளையவிழ்ந்த குரலால் உம் அரிய செயல்களைப் பாடுமாறு, மாசுற்ற எங்கள் இதழ்களின் குற்றத்தைப் போக்கியருளும் என்பது அதன் பொருள். அதில் முதல் ஆறு தொடர்களும் ஒவ்வொன்றாக ஒரு சுரம் உயர்ந்து தொடங்கும். 11-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் அரெட்சோ நகரத்துக் குயிதோ என்ற துறவி, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருவதற்காக, அந்தத் தொடர்களின் முதல் அசைகளையே ஊத், ரே, மீ, ஃபா, சோல், லா என்று சுரங்களுக்குப் பெயராக வைத்தார். ச ரி க ம தெரிந்த எந்தத் தமிழ் நேயரும் இதை ஒருமுறை சொன்னால் காதாலேயே பிடித்துக்கொள்வார். கேட்பதற்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் மொழி தெரியாதது தடையாகாது.

பி.பி.சி. வானொலி 1926-ல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலிருந்து மாலை வழிபாட்டுப் பாடலை ஒலிபரப்பத் தொடங்கியது. அந்த வார நிகழ்ச்சி இன்றும் நடக்கிறது. எந்த ஆலயம், எந்தப் பாடல், யார் இசையமைத்தது என்ற அளவில்தான் அறிவிப்பாளர் பேசுவார். மீதி முழுவதும் அந்த இடத்து ஒலி. நம் வானொலி நிலையங்களில் மார்கழி விடியலில் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலிபரப்புகிறார்களே, அப்போது யாரும் இழவு வீட்டை நினைப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். அந்த மாதமும் அந்த நேரமும் பாட்டுக்கு வீடாக இருக்கின்றன.

விசயமங்கலத்தார்

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். இரண்டு எச்சரிக்கைகள்.

முதலாவது, ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடியது இப்படித்தான் என்று ஒலிபரப்பில் சொல்லிவிடாதீர்கள். பதிகங்கள் மறைந்து கிடந்து, நம்பியாண்டார் நம்பி தொகுத்தபின், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் அமைத்தார்கள் என்று திருமுறைகண்ட புராணமே சொல்கிறது. இன்று பாடும் இராகங்கள் ஓதுவார் வழிவழியாகக் காத்துவந்தவை. கருவிகள் வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட இராசராசன் அமர்த்திய 48 பிடாரர்களோடு, உடுக்கை வாசிப்பவர் ஒருவரும் கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவரும் இருந்தார்கள் என்று கல்வெட்டு கூறுகிறது. நாற்பத்தெட்டுக் குரலுக்கு இரண்டு கருவி. அந்த அளவு நினைவில் இருந்தால் போதும். ஆர்மோனியம் கூடுமா கூடாதா என்ற சண்டையில் அகில இந்திய வானொலியே 1940-ல் அதை விலக்கிவைத்து, 1971 வரை அந்தத் தடையைத் தளர்த்தாமல் இருந்தது. ஆகவே இதில் உடனே தீர்ப்பு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாவதில் பாண்டிக்கொடுமுடி அம்மாவோடு சற்றே மாறுபடுகிறேன். பதிகம் முழுமையாக வர வேண்டும் என்கிறார். சம்பந்தர் பதிகங்களில் பத்தாம் பாட்டு பெரும்பாலும் சமணரையும் சாக்கியர் எனப்படும் பௌத்தரையும் பழிப்பது. 'அவ்வினைக்கு இவ்வினை'யிலும் அது உண்டு. நாங்கள் சந்திரப்பிரபர் என்ற சமணத் தீர்த்தங்கரரின் கோயில் இருக்கும் ஊர்க்காரர்கள். நன்னூல் தந்த சமணரான பவணந்தி முனிவரின் சீனாபுரம் பக்கத்தில்தான் இருக்கிறது. கொங்குநாட்டுத் தமிழில் சமணருக்குப் பெரும்பங்கு உண்டு. பிற சமயத்தைத் தாக்கும் எதையும் ஒலிபரப்பக் கூடாது என்ற விதி உங்களுக்கும் இருக்கும். வரலாற்று வகுப்பில் அந்தப் பாட்டைப் படிக்கலாம். விளக்கமில்லாமல் வானொலியில் விடுவது முறையன்று.

பாண்டிக்கொடுமுடி

விசயமங்கலத்து ஐயாவின் இரண்டாம் கருத்தை ஏற்கிறேன். நான் அதை நினைக்கவில்லை. பத்தாம் பாட்டை விட்டுவிட்டு, சம்பந்தர் தம் பெயர் சொல்லி முடிக்கும் பதினோராம் பாட்டுக்குப் போகலாம். சுந்தரரின் அவிநாசி, பூண்டி, கொடுமுடிப் பதிகங்களில் இந்தச் சிக்கல் இல்லை என்பதால் முதலில் அவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிமாநதி

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. நிலையத்தில் பேசி, நிகழ்ச்சியை வெள்ளி இரவு எட்டே முக்கால் மணிக்கு மாற்றியிருக்கிறேன். அவிநாசிப் பதிகத்தை மறுபடியும் போடப்போகிறேன். இம்முறை முதலைக் கதை ஒன்றரை நிமிடம், பிறகு பத்துப் பாட்டும் இடையீடில்லாமல். நான்காம் பாட்டு வருவதற்கு முன் எதுவும் பேசுவதில்லை என்று முடிவு செய்துள்ளேன். பகற்பண்களான பூண்டிக்கும் கொடுமுடிக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி கேட்டிருக்கிறேன், இன்னும் விடை வரவில்லை.

ஒலிமேசை சொன்னபடி கம்ப்ரஸரைப் பார்த்தோம். பழைய பதிவைத் தளர்த்திய அமைப்பில் ஓட்டியபோது, மூச்சிரைப்பு என்று நான் நினைத்ததில் பாதி காணாமல் போய்விட்டது. தபேலா வேண்டும் என்ற நண்பர் உடுக்கைக்கு இறங்கி வந்திருக்கிறார். உடுக்கை வாசிப்பவரைத் தேடுகிறோம். இலத்தீன் பாடலுக்கு, பொருளை நிறுத்தி வாசித்துத் தரத் தேவாலயப் பாடகர் இசைந்தால், அவருக்கு வசதியான ஒரு நாளில் நிலையத்துக்கு வர வேண்டுகிறேன். அதுவரை அதை ஒலிபரப்பப் போவதில்லை.